குடலை நோக்கும் காந்தம்

உண்ட சோறு தொண்டையைக் கடந்த பின்னர் அது செல்லும் வழியைப் பற்றி உடல்நலமுள்ளவன் சிந்திப்பதில்லை. நோயுற்றவனே சிந்திக்கின்றான். அவ்வழியோ நெடியது. சிறுகுடல் மாத்திரம் ஏறக்குறைய 20 அடி நீளமுடையது, மடிந்தும் வளைந்தும் ஒன்றன்மேலொன்றாய்க் கிடப்பது, ஓயாது நெளிந்துகொண்டிருப்பது. வாய் வழியாகச் செலுத்தப்படும் உள்நோக்குக் குழாய் இரைப்பையையும் அதனை அடுத்த முன்சிறுகுடலையும் காட்டும். குதத்தின் வழியாகச் செலுத்தப்படுவது பெருங்குடல் முழுவதையும் காட்டி, சிறுகுடலின் கடைசிச் சில அங்குலங்களோடு நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பெரும்பகுதி நெடுங்காலமாக வைத்தியரின் கண்ணுக்கு எட்டாத இடமாகவே இருந்து வந்தது. வயிற்றைக் கீறிப் பார்ப்பதொன்றே நிச்சயமான வழி என்றிருந்த காலமும் உண்டு. கத்தியுமின்றி, தீங்கு செய்யவல்ல கதிருமின்றி, அவ்விடத்தைக் காட்டுவதற்கு இன்று பயன்படும் காந்தப் பரிவுப் படம், அதாவது எம். ஆர். ஐ. என்று ஆஸ்பத்திரிகளில் வழங்கும் முறையே, இப்பேச்சின் பொருள்.

குடலைப் படம்பிடிக்கும் முயற்சி புதியதன்று. 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மனியில் றொன்ற்ஜன் என்னும் பேராசிரியர் எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்தார். மறு ஆண்டு முடிவதற்குள்ளேயே, அமெரிக்காவிலுள்ள ஹாவாட் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்றுகொண்டிருந்த வால்ற்றர் கனன் என்னும் மாணவர், விலங்குகளின் உணவுக் குழாயை அக்கதிர்கொண்டு ஆராயத் தொடங்கிவிட்டார். பிசுமது உப்புக் கலந்த உணவைப் பூனைக்கு ஊட்டி, அதன் இரைப்பை சுருங்கி விரிவதைத் திரையிலே கண்டு, 1898இல் அதனை வெளியிட்டார். பூனை அஞ்சியோ சினந்தோ இருக்கும் வேளையில் இரைப்பையின் அசைவு அடியோடு நின்றுவிடுவதையும் அவர் கண்டார். மனக்கலக்கத்தோடு உண்ணும் உணவு செரியாது என்று பாட்டிமார் சொல்லி வந்ததற்குக் கிடைத்த சாட்சி அது எனலாம்.

பிற்காலத்தில் பிசுமதின் இடத்தைப் பேரியம் சல்பேற்று என்னும் வெண்ணிறக் குழம்பு பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் குடல் நோயாளர் குடித்தது இக்குழம்பையே. ஆயினும் அதற்கொரு குறையுண்டு. அது காட்டுவது குழாயின் உள்வெளியை, குழாயின் சுவரையன்று. ஒரு வீட்டை நீரால் நிரப்பி, அந்நீரின் வடிவத்தைக் கண்டு, சுவருக்குள்ளே கறையான் அரித்திருக்கின்றதா என்று ஊகிப்பது போன்றது அது. 1971இல் இலண்டனில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பயன்பட்ட சி. ரி. படமுறை இக்குறையை நீக்கிற்று. உடலைக் குறுக்கே அரிந்து வைத்தாற்போன்று அது காட்டும், குடற்சுவரும் தெரியும். ஆனால் அதுவும் எக்ஸ்-கதிரைக்கொண்டே இயங்குவது. வயிற்றுப் பகுதியை ஒருமுறை சி. ரி. படமெடுப்பதனால் உடல் ஏற்கும் கதிரின் அளவு ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிசீவேட்டு. மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாக மனிதன் ஏற்பது உலக சராசரியில் ஆண்டொன்றுக்கு 2.4 மில்லிசீவேட்டு. உயிருக்கு ஆபத்து நேர்ந்த வேளையில் இக்கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது அறிவுடைமையன்று. ஒரு தடவை எடுப்பதால் வரும் கேடு மிகச் சிறிதே. ஆனால், இருபது முப்பது தடவை எடுக்க வேண்டியிருந்தால்?

அத்தகைய நோய் ஒன்று உண்டு. 1932ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பேர்க், ஒப்பன்ஹைமர் என்னும் மூன்று வைத்தியர்கள் பதினான்கு நோயாளரை ஆராய்ந்து அதனை விவரித்தனர். அகரவரிசையில் முதலில் நின்ற குரோன் என்பவரின் பெயரையே அந்நோய் பெற்றுவிட்டது. குடற்சுவரின் உட்புறத் தோலை மாத்திரமன்றி, சுவரின் கனம் முழுவதையும் தாக்கும் அழற்சி அது. சிறுகுடலின் கடைசிப் பகுதி அதற்கு மிகவும் உவப்பான இடம். புண் உண்டாகும், சுவர் தடிக்கும், வழி குறுகும், சிலவேளை சுவர் துளைபட்டு, பக்கத்துக் குடலோடோ சலப்பையோடோ தோலோடோ கள்ளவழி ஒன்று ஏற்பட்டுவிடும். நோய் பெரும்பாலும் இளமையிலேயே தொடங்கும். பள்ளியில் உயர்வகுப்புப் பயிலும் பிள்ளை, காரணம் தெரியாமல் மெலிந்து, அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்கு அஞ்சி நடிக்கின்றான் என்ற பழியையும் சுமந்து, மாதக்கணக்கில் திரிவதுண்டு. முற்றாக மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. அடக்கிவைக்கும் மருந்துகள் உண்டு. ஆகவே பதினாறு வயதில் தொடங்கிய நோயை அறுபது வயது வரையும் அதற்கப்பாலும் பார்த்துக்கொண்டேயிருத்தல் வேண்டும். மருந்து வேலை செய்கின்றதா, வழி அடைபடுகின்றதா, சீழ் கட்டியுள்ளதா என்று மீண்டும் மீண்டும் நோக்க வேண்டிய இந்நோயாளருக்கே காந்தப் படம் பெருந்துணையாயிற்று.

காந்தம் எவ்வாறு படம்பிடிக்கும்? வானொலி கேட்போர்க்கு இதனை விளக்குதல் எளிது. மனித உடலின் நிறையில் ஏறக்குறைய 60 வீதம் நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் இரண்டு ஐதரசன் அணுக்கள் உண்டு. கொழுப்பிலும் ஐதரசன் மிகுதி. இவ்வணுவின் கருவாகிய புரோத்தன் சுழலும் பம்பரம் போன்றது, சிறுகாந்தமும் ஆவது. வலிய காந்தப் புலம் ஒன்றினுள் அதனை வைத்தால், வேகம் குறையும் பம்பரம் தலையாட்டிச் சுற்றுவது போல அதுவும் தலையாட்டிச் சுற்றும். காந்தத்தின் வலிமைக்கேற்ப அத்தலையாட்டத்தின் வேகம் நிர்ணயமாகின்றது. ஆஸ்பத்திரிகளிற் பெரிதும் காணப்படும் காந்தத்தின் வலிமை 1.5 தெசுலா; பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. அதனுள்ளே புரோத்தன் வினாடிக்கு ஏறக்குறைய 6 கோடி 40 இலட்சம் தடவை தலையாட்டும். அதே வேகத்தில் அதிரும் வானொலி அலையை உடலிற் செலுத்தினால், ஊஞ்சல் வரும் சமயம் பார்த்துத் தள்ளினால் அது மேன்மேலும் உயர்வது போல, புரோத்தன்கள் அவ்வலையின் சக்தியை ஏற்றுச் சாயும். பரிவு என்று பௌதிகவியலார் கூறுவது இதனையே. அலையை நிறுத்தியதும் அவை தம் பழைய நிலைக்கு மீளும். மீளும்போது தாமே மெல்லிய வானொலி அலையை வெளியிடும். நோயாளரின் வயிற்றைச் சுற்றி வைத்த கம்பிச் சுருள்கள் அதனைச் செவிமடுக்கும்.

ஆகவே, இக்கருவி ஒருவகையில் வானொலிப் பெட்டியே. நிலையமோ மனித உடல். அதன் அதிர்வு எவ். எம். ஒலிபரப்பின் அதிர்வுகளுக்குச் சற்றுக் கீழேயே அமைந்துள்ளது. வெளியிலிருந்து வரும் அலைகள் கலந்து படத்தைக் கெடுக்காதிருக்கும் பொருட்டே அறையின் சுவரெங்கும் செப்புத் தகடோ அது போன்ற உலோகமோ பதிக்கப்படுகின்றது. உடல் அனுப்பும் அலை அத்துணை மெல்லியது. பத்து இலட்சம் புரோத்தன்களில் ஏறக்குறைய ஐந்தே இவ்வொலிபரப்பில் பயன்படத்தக்க மேலதிகமாக நிற்கின்றன. ஏனையவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. ஒரு துளி நீரிலேயே எண்ணற்ற கோடி புரோத்தன்கள் இருப்பதனாலன்றோ இவ்வைந்தும் போதியதாயின!

பரிவு நிகழ்வதை 1946இல் அமெரிக்காவில் பேர்செல் என்பவரும் புளொக் என்பவரும் தனித்தனியே கண்டு, 1952ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அன்று அது வேதியியலாருக்கு உதவும் கருவியாகவே கருதப்பட்டது. எலிகளின் புற்றுக்கட்டியிலுள்ள புரோத்தன்கள் நல்ல தசையிலுள்ளவற்றினும் வேறான காலத்தில் பழைய நிலைக்கு மீளுகின்றன என்று 1971இல் டமேடியன் என்னும் வைத்தியர் காட்டினார். ஆனால் உடலில் எவ்விடத்திலிருந்து எவ்வலை வருகின்றது என்று அறிவது எப்படி? இவ்வினாவுக்கு விடை கண்டவர் லோற்றர்பர். காந்தப் புலத்தை ஒருபுறம் சற்று வலிதாகவும் மறுபுறம் சற்று மெலிதாகவும் அமைத்தால், ஒவ்வோரிடத்துப் புரோத்தனும் தனக்கென ஓர் அதிர்வில் ஒலிக்குமன்றோ? வானொலிப் பெட்டியின் முள் நிற்கும் இடத்தைக்கொண்டு எந்நிலையம் என்று அறிவது போல, அதிர்வைக்கொண்டு இடத்தை அறியலாம். நீர் நிரம்பிய இரு சிறு குழாய்களின் படத்தை அவர் இவ்வாறு எடுத்தார். அக்கட்டுரையை அறிவியல் இதழ் முதலில் மறுத்து, பின்னரே 1973இல் வெளியிட்டது.

இங்கிலாந்தின் நொற்றிங்காம் பல்கலைக்கழகத்தில் இதே துறையில் உழைத்தவர் பீற்றர் மான்ஸ்பீல்ட். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு நீங்கி, விஞ்ஞானியாக விரும்புகின்றேன் என்று கூறியபோது உனக்கு அத்தகுதியில்லை என்று ஆலோசனை பெற்று, அச்சுத் தொழிலில் அமர்ந்தவர். மாலை வகுப்புகளிற் பயின்றே பின்னர் பல்கலைக்கழகம் புகுந்தார். பதினைந்து வயதுப் பிள்ளையின் தகுதியை முடிவாகக் கூறிவிடும் துணிவு ஆசிரியர் சிலருக்கு எங்ஙனம் வருகின்றதோ! 1978இல் மனித உடல் முழுவதும் புகத்தக்க கருவியை அவர் குழுவினர் அமைத்தபோது, அதனுள் நிகழக்கூடிய தீங்கு என்னவென்று எவரும் உறுதியாகக் கூறமுடியாதிருந்த நிலையில், மான்ஸ்பீல்டே உட்புகுந்து நின்றார். அப்பொழுது எடுக்கப்பட்டது அவருடைய வயிற்றின் படம். அதற்கு முந்திய ஆண்டு டமேடியன் குழுவினர் மனித மார்பின் ஒரு குறுக்குப் படத்தை எடுக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடித்தது. ஒரு தள்ளலில் ஒரு படம் முழுவதையும் பெறும் விரைவு முறையை 1977இல் மான்ஸ்பீல்ட் வகுத்திருந்தார். அவரும் லோற்றர்பரும் 2003இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றனர்.

அவ்விரைவு இல்லாவிடின் குடலைப் படமெடுத்தல் இயலாது. மூளை அசையாது, எலும்பு அசையாது. ஆதலால் அவற்றின் படங்கள் முதலில் வந்தன. குடலோ தானும் நெளிவது, மூச்சினாலும் அசைக்கப்படுவது, உள்ளே காற்று நிற்பது, வெறுமையாயிருக்கும்போது சுருங்கி ஒட்டிக்கொள்வது. சுருங்கி ஒட்டிய நல்ல குடலும் தடித்த நோய்க்குடல் போலத் தோன்றும். இம்மூன்று இடர்களுக்கும் மூன்று உபாயங்கள் கண்டனர். ஒட்டுதல் நீங்க, நோயாளர் நான்கு முதல் ஆறு மணி நேரம் உணவின்றியிருந்து, பின்னர் ஏறக்குறைய முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு லீற்றர் அல்லது ஒன்றரை லீற்றர் நீர்க்கரைசலைக் குடிக்க வேண்டும். வெறும் நீர் குடலால் விரைவில் உறிஞ்சப்பட்டுவிடும். ஆதலால் மனிற்றோல் போன்ற, எளிதில் உறிஞ்சப்படாத இனிப்புப் பொருள் அதிற் கலக்கப்படுகின்றது. நெளிவை அடக்க ஊசி மருந்தொன்று ஏற்றப்படும். மூச்சின் அசைவுக்கு, பதினைந்து இருபது வினாடி மூச்சை அடக்குமாறு பலமுறை கேட்பர். கருவியின் சுருள்கள் எழுப்பும் கடகடவென்ற ஓசை பெரிது. காதுக்கு அடைப்பான் தருவர். படுத்திருக்கும் நேரம் அரைமணி முதல் முக்கால் மணி. குடித்த கரைசலினால் அன்று சிறிது வயிற்றுப்போக்கு ஏற்படலாம். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அன்று பிற்பகல் நெடுந்தூரப் பஸ் பயணம் வைத்துக்கொள்ளாதிருத்தல் நன்று.

இவ்வாறு எடுத்த படத்தில் குடலினுள் நின்ற நீர் வெண்மையாகவும், சுவர் மெல்லிய கரும் கோடாகவும் தோன்றும். விரிந்த நல்ல குடலின் சுவர் மூன்று மில்லிமீற்றருக்கு உட்பட்டது. அழற்சி கொண்ட சுவர் தடிக்கும். புதிதாக வீங்கிய சுவரில் நீர் மிகுதியாதலின் அது பளிச்சென்று வெளுக்கும். பழைய தழும்பாய் இறுகிய சுவரில் நீர் குறைவு. அது கறுத்தே நிற்கும். இந்த வேறுபாட்டின் பயன் பெரிது. வழி குறுகியிருப்பது வீக்கத்தினாலாயின் மருந்து அதனைத் தணிக்கலாம். தழும்பினாலாயின் எம்மருந்தும் அதனை இளக்காது, சத்திரவைத்தியரையே நாட வேண்டும். மெய்யான குடல்களில் இரண்டும் ஒருங்கே கலந்திருப்பதுண்டு என்பதையும் கூறவேண்டும். படத்தைப் படிக்கும் நிபுணரின் திறன் அங்கேதான் சோதிக்கப்படுகின்றது. விரைந்து அடுத்தடுத்து எடுத்த படங்களைச் சலனப்படம் போல ஓட்டி, குடலின் எப்பகுதி நெளியாமல் விறைத்து நிற்கின்றது என்பதையும் இன்று காண்கின்றனர். நெளிவை அடக்கும் ஊசியை ஏற்றுமுன் எடுக்க வேண்டிய படம் இது.

ஒலியலையைக் கொண்டு பார்க்கும் ஸ்கான் முறையும் குரோன் நோயைக் காட்டும். எது சிறந்தது என்று பிரித்தானியாவில் எட்டு ஆஸ்பத்திரிகளிற் சோதித்தனர். 2018இல் வெளியான அம்முடிவு 284 நோயாளரைப் பற்றியது. சிறுகுடலில் நோய் உண்டு என்பதைக் காந்தப் படம் நூற்றுக்கு 97 பேரிலும், ஒலியலை 92 பேரிலும் கண்டது. நோய் பரவிய எல்லையைச் சரியாகக் கூறியதில் காந்தப் படத்துக்கு 80, ஒலியலைக்கு 70. காந்தம் வென்றது உண்மையே. எனினும், செலவு குறைந்ததும் கட்டிலருகிலேயே செய்யக்கூடியதுமான ஒலியலை இத்துணை நெருங்கி வந்தது, பெருங்கருவி இல்லாத ஊர்களுக்கு நற்செய்தியாகும்.

தென்னாசியாவில் மற்றுமோர் எச்சரிக்கை வேண்டும். குடலில் வரும் சயரோகமும் சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்கும் அதே இடத்தையே பெரிதும் பற்றும். அதே போலச் சுவரைத் தடிக்கச் செய்யும். படம் மாத்திரங்கொண்டு ஒன்றை மற்றொன்றிலிருந்து எப்பொழுதும் பிரித்தறிய முடியாது. குரோன் நோய்க்குத் தரும் மருந்துகள் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தணிப்பவை. சயரோகியிடம் அவற்றைக் கொடுத்தால் நோய் பொங்கியெழும். ஆதலால் உள்நோக்குக் குழாயால் தசைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பது, காந்தம் வந்த பின்னரும் கைவிடத்தக்கதன்று.

சிறுகுடலைப் போலவே பெரும்பயன் விளைந்த மற்றோரிடம் குடலின் மறுகோடி. பவுத்திரம் என்னும் நோயைப் பலர் வெட்கத்தால் மறைத்து வைப்பர். குதத்தின் அருகே தோலிற் காணும் சிறு துவாரம், உள்ளே பல கிளைகளாய்ப் பிரிந்து ஓடும் சீழ்வழியின் வாயிலாக இருக்கக்கூடும். சத்திரவைத்தியர் ஒரு கிளையைத் தவறவிட்டால் நோய் மீளும். மீண்டும் மீண்டும் கீறினாலோ மலத்தை அடக்கும் தசை கெடும். இலண்டனிலுள்ள சென்ற் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில், பவுத்திரம் மீண்டு வந்த 71 நோயாளரைக் காந்தப் படமெடுத்து ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டனர். படம் காட்டியவாறே எப்பொழுதும் நடந்த சத்திரவைத்தியரின் நோயாளருள் நூற்றுக்கு 16 பேருக்கே நோய் மீண்டது. சிலவேளை மாத்திரம் படத்தை ஏற்றவரிடத்தில் அது 30. படத்தை ஒருபோதும் பொருட்படுத்தாது தம் விரலின் அனுபவத்தையே நம்பியவரிடத்தில் 57. கைப்பழக்கம் பெரிதுதான், ஆனால் தசைக்குள் ஒளிந்த வழியை விரல் காணாது.

நேர்குடலிற் புற்றுநோய் கண்டால், அக்குடலை அதனைச் சுற்றிய கொழுப்புறையோடு சிதையாமல் எடுத்துவிடல் வேண்டும் என்று 1982இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹீல்ட் என்னும் சத்திரவைத்தியர் வற்புறுத்தினார். புற்று அவ்வுறையின் விளிம்பைத் தொட்டுவிட்டதாயின் வெட்டியும் வேர் எஞ்சும். காந்தப் படத்தில் அவ்விளிம்பு மெல்லிய கரும் கோடாய்த் தெரியும். புற்றுக்கும் கோட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீற்றருக்கு மேல் இடமிருந்தால் விளிம்பு தூயதாக அமையும் என எதிர்பார்க்கலாம். இல்லையேல் முதலில் கதிர்ச் சிகிச்சையாலும் மருந்தாலும் புற்றைச் சுருக்கிய பின்னரே வெட்டுவர். ஐரோப்பாவின் 11 ஆஸ்பத்திரிகளில் 408 நோயாளரிடம் இதனைச் சோதித்து 2006இல் வெளியிட்டனர். வெட்டியெடுத்த குடலை நுணுக்குக்காட்டியிற் பார்த்து விளிம்பு தூயது என்று கண்ட நோயாளருள், நூற்றுக்கு 92 பேரில் படம் அதனை முன்னரே கூறியிருந்தது. தேவையற்ற கதிர்ச் சிகிச்சையிலிருந்து ஒருவர் தப்புவதும், தேவையானவர் அதனைத் தவறவிடாமலிருப்பதும் இம்மில்லிமீற்றர்க் கணக்கிலேயே தங்கியுள்ளன.

பித்தக் குழாயில் அடைத்த கல்லைச் சாயமேதும் ஏற்றாமலே இப்படம் காட்டும். கருவுற்ற பெண்ணுக்குக் குடல்வாலழற்சி என்று ஐயம் நேர்ந்து, ஒலியலையும் தெளிவாகக் காட்டாதபோது, சிசுவின்மேல் எக்ஸ்-கதிர் படாமல் உண்மையை அறிய இது உதவும். அவர்களுக்குக் கடோலினியம் என்னும் மருந்தை ஏற்றாமல் எடுப்பர். அம்மருந்து குருதியிற் கலந்து அழற்சியுள்ள இடத்தை ஒளிரச் செய்வது. சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தோரிடம் அதன் பழைய சேர்வைகள் தோலை இறுகச் செய்யும் கொடிய நோயை விளைத்தமை 2006இல் வெளிப்பட்டது. இன்று பாதுகாப்பு மிக்க சேர்வைகள் வழக்கிலுள்ளன; ஆயினும் சிறுநீரகத்தின் நிலையை முன்கூட்டியே வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.

காந்தத்தின் கம்பிச் சுருள், மின்தடை நீங்கும் பொருட்டு, பாகை 269 கீழ்ச்சுழிக் குளிரிலுள்ள திரவ ஈலியத்தில் ஆழ்த்தப்பட்டிருக்கின்றது. அது இரவும் பகலும் காந்தமாகவே இருப்பது; படமெடுக்காத வேளையிலும் ஓய்வதன்று. 2001இல் அமெரிக்க ஆஸ்பத்திரியொன்றில் படமெடுக்கப்பட்டுக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுவன், அறைக்குள் தவறிக் கொண்டுவரப்பட்ட ஒட்சிசன் உருளை காந்தத்தால் இழுக்கப்பட்டு மோதியதனால் இறந்தான். அறைக்குட் புகுமுன் ஒரே வினாவை மூவர் மூன்று முறை கேட்பது இக்காரணத்தாலேயே. இதயத்தை இயக்கும் கருவி, பழைய சத்திரசிகிச்சையில் வைத்த உலோகக் கவ்வி, கண்ணிற் புகுந்த இரும்புத் துகள் ஆகியன யாவும் சொல்லப்பட வேண்டியவை. குடல் நோயாளருக்கு மற்றொன்றும் உண்டு. விழுங்கத்தக்க சிறு கமராக் குளிசை 2001 முதல் வழக்கிலுள்ளது. அது குடலினுள்ளே படமெடுத்துக்கொண்டு சென்று தானே வெளியேறும். ஆனால் குரோன் நோயால் வழி குறுகிய இடத்தில் சிக்கி நின்றுவிடுவதும் உண்டு. அதனுள் உலோகமும் மின்கலமும் இருப்பதனால், குளிசை விழுங்கியவரை, அது வெளியேறியதைச் சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தால் உறுதிசெய்த பின்னரே காந்த அறைக்குள் அனுமதிப்பர்.